பெருங்குடல் புற்றுநோய்: கூட்டு மருந்து யாருக்குப் பயன்படும்?

பெருங்குடல் புற்றுநோய் என்று ஒரே பெயரால் வழங்கப்படும் நோய், நுண்ணோக்கியின் கீழ் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றினாலும், அதன் செல்களில் உள்ள மரபுப்பொருளை ஆராயும்போது குறைந்தது இரண்டு நோய்களாகப் பிரிகிறது. அவற்றுள் சிறுபான்மையான ஒன்று, உடலின் சொந்த எதிர்ப்புப் படையைத் தூண்டும் இம்யூனோதெரபிக்கு, அதாவது நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கு, வியக்கத்தக்க வகையில் கட்டுப்படுகிறது. பெரும்பான்மையான மற்றொன்றோ, அதே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் அசைவதே இல்லை. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் முற்றிய நிலையில் நோய் கண்டறியப்பட்ட ஒருவரின் குடும்பம், புதிய மருந்து ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் நகையை அடகு வைக்கவும் காட்டை விற்கவும் முன்வரும் இக்காலத்தில், எந்த மருந்து என்ற கேள்விக்கு முன்னால் எந்த வகை நோய் என்ற கேள்வி எழுப்பப்பட வேண்டும் என்பதே இந்தத் துறையில் கடந்த 10 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகள் தரும் முதன்மையான பாடம்.

உலகில் ஆண்டுக்கு 19 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஏறத்தாழ 9 லட்சம் பேர் அதனால் இறக்கின்றனர். மேலை நாடுகளோடு ஒப்பிடும்போது இந்தியாவில் இந்நோய் குறைவு என்றாலும், மக்கள்தொகையின் பெருக்கத்தால் எண்ணிக்கை சிறியதன்று. மேலும் இங்கே நோயாளிகளில் இளையோர் கணிசமாக உள்ளனர் என்பதும், பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனையை அடைகின்றனர் என்பதும் மருத்துவர்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டிவரும் செய்திகள். தாமதத்துக்கு ஒரு காரணம் வெளிப்படையானது: மலத்தில் இரத்தம் போனால் அது மூலமாகத்தான் இருக்கும் என்று நோயாளியும் சுற்றத்தாரும் முடிவு கட்டிவிடுகின்றனர். பேருந்து நிலையச் சுவர்களில் மூலம், பௌத்திரம் என்று எழுதப்பட்ட விளம்பரங்களை நம்பி மாதக்கணக்கில் மருந்து தின்றபின், எடை குறைந்து, இரத்தசோகை முற்றி, குடல் அடைத்துக்கொண்ட நிலையில்தான் கொலோனோஸ்கோபி என்னும் குடல் அகநோக்கிப் பரிசோதனை நடைபெறுகிறது. அதற்குள் நோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருந்தால் அதுவே நான்காம் நிலை, அதாவது முற்றிய நிலை எனப்படுகிறது.

முற்றிய நிலைக்கு நெடுங்காலமாக அடிப்படையாக இருந்துவரும் சிகிச்சை, மக்கள் கீமோ என்று அழைக்கும் வேதிமருந்துச் சிகிச்சையாகும். ஃபுளோரோயுராசில் என்ற மருந்தை, அல்லது அதன் மாத்திரை வடிவமான கேபசிட்டபினை, ஆக்சாலிபிளாட்டின் அல்லது இரினோடிகானுடன் சேர்த்துக் கொடுப்பது இதன் பொதுவான முறை. கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் பெவாசிசுமாப் போன்ற மருந்துகளும் இதனுடன் இணைக்கப்படுகின்றன. இச்சிகிச்சை பலருக்குக் கட்டியைச் சுருக்கி ஆயுளை நீட்டுகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கட்டி காலப்போக்கில் மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. இந்த இடத்தில்தான் நோயெதிர்ப்புச் சிகிச்சை வேறொரு வழியைத் திறந்தது.

நாமக்கல் சமவெளிக்கு நோயெதிர்ப்பியல் அந்நியமான துறையன்று. 1985ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கிவரும் இவ்வூரைச் சுற்றி முட்டைக்கோழிப் பண்ணை நடத்துவோர் வெள்ளைக்கழிச்சலுக்கும் கம்போரோ நோய்க்கும் எந்த நாளில் எந்தத் தடுப்பு மருந்து என்பதை மனப்பாடமாக அறிவர். கம்போரோ நோய்க்கிருமி தாக்குவது கோழியின் கழிவுவாய்க்கு அருகே உள்ள பர்சா என்ற சிறு பையை; அந்தப் பை சிதைந்த கோழி அதன்பின் எந்த நோய்க்கும் ஈடுகொடுக்க முடியாமல் போவதைப் பண்ணையாளர்கள் கண்ணாரக் கண்டிருக்கின்றனர். மனித நோயெதிர்ப்பைப் பற்றிய அடிப்படை அறிவும் இதே பையிலிருந்துதான் பிறந்தது. பர்சா நீக்கப்பட்ட கோழிகளால் கிருமிகளைப் பற்றிப்பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்க முடிவதில்லை என்பதை அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் கிளிக் என்ற ஆய்வாளர் 1956இல் வெளியிட்டார். 1965இல் மாக்ஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் கோழிகளைக் கொண்டே, எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் ஒரு வகை, நேரடியாகச் சென்று தாக்கும் செல்கள் மற்றொரு வகை என்று நிறுவினர். பர்சாவின் முதல் எழுத்தைக் கொண்டு முன்னது பி செல் என்றும், கழுத்தின் கீழ் உள்ள தைமஸ் சுரப்பியின் முதல் எழுத்தைக் கொண்டு பின்னது டி செல் என்றும் பெயர் பெற்றன. புற்றுநோயைப் பொறுத்தவரை போர்முனையில் நிற்பது இந்த டி செல்லே.

டி செல் தன் உடலின் செல்லுக்கும் அயலான செல்லுக்கும் வேறுபாடு கண்டு, அயலானதை அழிக்கும் திறன் படைத்தது. அத்தகைய திறன் கட்டுப்பாடின்றி இருந்தால் அது சொந்த உடலையே தின்றுவிடும் என்பதால், இயற்கை அதன் மேற்பரப்பில் தடுப்பான்களை அமைத்திருக்கிறது. அவற்றுள் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் டி செல் புறப்படும்போதே, நிணநீர்க் கணுக்களில், அதை அடக்குகிறது. பிடி-1 என்ற புரதம் அது போர்முனைக்குச் சென்றபின், கட்டியின் அருகில், அதைத் தளர்த்துகிறது. புற்றுநோய்ச் செல்கள் இவற்றைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தி டி செல்லை உறங்கவைக்கின்றன. சிடிஎல்ஏ-4ஐ மறித்துப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று காட்டிய அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனும், 1992இல் பிடி-1ஐக் கண்டுபிடித்த ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவும் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரித் தொழிலோடு வாழ்வோருக்கு இதை விளக்குவது எளிது. கால் பிரேக்கும் கை பிரேக்கும் தனித்தனி. ஒன்றை விடுவித்தாலும் மற்றது பிடித்திருந்தால் வண்டி நகராது. பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகள் பிடி-1 என்ற பிரேக்கை விடுவிக்கின்றன. இபிலிமுமாப் என்ற மருந்து சிடிஎல்ஏ-4 என்ற பிரேக்கை விடுவிக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே கூட்டு நோயெதிர்ப்புச் சிகிச்சையின் முதல் வடிவம். எனினும் பிரேக்குகள் அனைத்தும் விடுபட்டாலும், எஞ்சின் ஓடாத வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதையும் இங்கேயே நினைவில் கொள்ள வேண்டும். பெருங்குடல் புற்றுநோயின் இரண்டு வகைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு அந்த எஞ்சினைப் பற்றியது.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட மரபுக் குறிப்பு மீண்டும் ஒருமுறை படியெடுக்கப்படுகிறது. இளம்பிள்ளை நெசவாளர் ஒருவர் சேலையின் கோலத்துக்கான ஜக்கார்டு அட்டையைப் பார்த்துப் புதிய அட்டை குத்தும்போது ஓரிரு துளைகள் பிழையாக விழுவதுபோல, இந்தப் படியெடுப்பிலும் பிழைகள் விழுகின்றன. அவற்றைத் தேடிப்பிடித்துத் திருத்துவதற்கு எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்கள் முதன்மையாகத் தேவைப்படுகின்றன. இந்நான்கில் ஒன்று இல்லாமற் போனாலும் பிழைகள் திருத்தப்படாமல் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. குறிப்பாக, ஒரே எழுத்துக்கூட்டம் திரும்பத் திரும்ப வரும் மைக்ரோசாட்டிலைட் என்ற பகுதிகளின் நீளம் நிலைகுலைகிறது. இதனால் இவ்வகைக் கட்டி திருத்தக் குறைபாடுடையது என்றும், எம்எஸ்ஐ-ஹை என்றும் மருத்துவ அறிக்கைகளில் குறிக்கப்படுகிறது. பிழைகள் குவிந்த செல் உடலுக்கு இதுவரை அறிமுகமில்லாத புரதங்களை உண்டாக்குவதால், டி செல்கள் அதை அயலானாக அடையாளம் கண்டு ஏற்கெனவே கட்டியைச் சூழ்ந்து நிற்கின்றன. அங்கே எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிரேக்கை மட்டும் விடுவித்தால் போதும்.

பெருங்குடல் புற்றுநோய்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 15 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தவை. முற்றிய நிலையில் உள்ளவற்றில் மட்டும் இது 4 முதல் 5 விழுக்காடாகக் குறைகிறது. இந்தச் சிறுபான்மையினர் பெம்புரோலிசுமாப் மருந்தால் பெரும்பயன் பெறுகின்றனர் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தனர். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், கட்டி எந்த உறுப்பில் தோன்றியது என்று பாராமல் இந்த மரபுக் குறைபாடு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது; உறுப்பின் பெயரால் அன்றி மூலக்கூறின் அடையாளத்தால் புற்றுநோய் மருந்து ஒன்று ஒப்புதல் பெற்றது அதுவே முதல்முறை. தொடர்ந்து 307 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட கீநோட்-177 என்ற ஆய்வின் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. நோய் மீண்டும் வளராமல் நின்ற காலத்தின் நடுமதிப்பு, அதாவது பாதிப் பேராவது கடந்த காலம், கீமோ பெற்றோரிடம் 8.2 மாதங்களாகவும் பெம்புரோலிசுமாப் பெற்றோரிடம் 16.5 மாதங்களாகவும் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் தொடர்ந்து கவனித்ததில், ஆயுட்காலத்தின் நடுமதிப்பு முறையே 36.7 மாதங்கள், 77.5 மாதங்கள் என்று கணக்கிடப்பட்டது. முற்றிய பெருங்குடல் புற்றுநோயில் ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நடுமதிப்பு என்பது அதற்கு முந்தைய தலைமுறை மருத்துவர்கள் எண்ணிப் பார்த்திராத ஒன்று.

ஆனால் அதே ஆய்வில் கவலைக்குரிய செய்தி ஒன்றும் இருந்தது. பெம்புரோலிசுமாப் பெற்றவர்களில் பத்துக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு, மருந்து தொடங்கிய நாள்முதலே கட்டி கட்டுப்படாமல் வளர்ந்தது. கீமோ பெற்றோரிடம் இவ்விகிதம் பத்துக்கு ஒன்றைச் சற்றே தாண்டியது. ஒரு பிரேக்கை மட்டும் விடுவிப்பது சிலருக்குப் போதவில்லை என்பதே இதன் பொருள். நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்த செக்மேட்-8ஹெச்டபிள்யூ என்ற பன்னாட்டு ஆய்வு இந்த இடைவெளியைப் பெருமளவு அடைத்தது. 2024 நவம்பரில் வெளியான அதன் முடிவுகளின்படி, குறைபாடு உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளில் இரண்டு ஆண்டுகள் கடந்தும் நோய் வளராமல் உயிருடன் இருந்தோர், கூட்டு மருந்து பெற்றவர்களில் 72 விழுக்காடு. கீமோ பெற்றவர்களில் 14 விழுக்காடு. கடுமையான பக்கவிளைவுகளும் கூட்டு மருந்தில் 23 விழுக்காடாகவும் கீமோவில் 48 விழுக்காடாகவும் இருந்தன. நிவோலுமாபைத் தனியாகப் பெற்றவர்களோடு ஒப்பிட்டபோதும், மூன்றாம் ஆண்டின் முடிவில் கூட்டு மருந்தே 76க்கு 63 என்ற விழுக்காட்டில் முன்நின்றது. இந்த மருந்துகள் நான்கு முறை இணைத்து ஏற்றப்பட்டு, அதன்பின் நிவோலுமாப் மட்டும் தொடரப்படுகிறது என்பதையும், இரண்டு ஆண்டுகளில் சிகிச்சை நிறுத்தப்படலாம் என்பதையும் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

நோய் பரவுவதற்கு முன்பே இம்மருந்துகளைக் கொடுத்தால் என்ன என்ற சிந்தனை இன்னும் வியப்பூட்டும் விளைவுகளைத் தந்துள்ளது. நெதர்லாந்தின் புற்றுநோய் நிறுவனத்தில் மிரியம் சலாபி தலைமையில் நடந்த நீஷ்-2 ஆய்வில், இவ்வகைப் பெருங்குடல் கட்டி உள்ளவர்களுக்கு அறுவைக்கு முன் சில வாரங்களே கூட்டு மருந்து கொடுக்கப்பட்டது. அகற்றப்பட்ட குடற்பகுதியை ஆராய்ந்தபோது 68 விழுக்காட்டினரிடம் உயிருள்ள புற்றுநோய்ச் செல் ஒன்றுகூட எஞ்சவில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். முற்றிய நிலையில் உள்ள 100 பேரில் 95 பேருக்குக் கட்டி இந்த வகையைச் சேர்ந்ததன்று. அவர்களுடைய கட்டிகளில் திருத்தும் புரதங்கள் நான்கும் ஒழுங்காக வேலை செய்கின்றன, பிழைகள் குறைவு, ஆகவே அயலான புரதங்களும் குறைவு, டி செல்கள் கட்டிக்குள் நுழையாமல் அதன் விளிம்பிலேயே நின்றுவிடுகின்றன அல்லது வருவதே இல்லை. மருத்துவர்கள் இவற்றைக் குளிர்ந்த கட்டிகள் என்பர். பிரேக்கை விடுவிக்கும் மருந்தைத் தனியாகக் கொடுத்த ஆய்வுகளில் இவ்வகைக் கட்டிகள் ஏறத்தாழ எந்த அசைவையும் காட்டவில்லை. இவற்றைச் சூடேற்ற, அதாவது டி செல்களைக் கட்டிக்குள் வரவழைக்க, வேறு மருந்துகளைத் துணைக்கு அழைப்பதே கூட்டுச் சிகிச்சை ஆய்வுகளின் இரண்டாவது, மிகக் கடினமான பகுதி.

துணை மருந்துகளுக்கு ஒவ்வொரு காரணம் உண்டு. கீமோ மருந்துகளில் சில, செல்லைக் கொல்லும்போதே அதன் உட்பொருள்களைச் சிதறடித்து எதிர்ப்புப் படைக்கு அறிவிப்பு கொடுக்கின்றன. இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகள் கட்டியின் தாறுமாறான குழாய்களைச் சீர்படுத்தி டி செல்கள் உள்ளே வர வழி செய்கின்றன. ரெகோரஃபெனிப், லென்வாட்டினிப் போன்ற மாத்திரைகள் குழாய் வளர்ச்சியைத் தடுப்பதோடு, கட்டிக்குக் காவலாக நின்று டி செல்லை முடக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல்களையும் குறைக்கின்றன. காரணம் அறிவுக்குப் பொருந்துவதாக இருப்பது ஒன்று. நோயாளியின் உடலில் அது நிகழ்வது வேறொன்று என்பதை அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் காட்டின.

அடெசோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்துடன் கோபிமெட்டினிப் மாத்திரையை இணைத்து 363 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஐஎம்பிளேஸ்-370 ஆய்வு, பழைய மருந்தான ரெகோரஃபெனிபைவிடக் கூட்டு மருந்து ஆயுளை நீட்டவில்லை என்று 2019இல் முடிவு கண்டது. அடுத்த ஆண்டே ஜப்பானிலிருந்து நம்பிக்கை ஒன்று வந்தது: ரெகோரஃபெனிபுடன் நிவோலுமாபைச் சேர்த்தபோது, குளிர்ந்த வகைப் பெருங்குடல் கட்டி கொண்ட 24 பேரில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியது. உலகெங்கும் பேசப்பட்ட அதே கூட்டு மருந்து வட அமெரிக்காவில் 70 பேரிடம் சோதிக்கப்பட்டபோது 5 பேருக்கு மட்டுமே பயன் தந்தது. எண்ணிக்கை சிறிதாக உள்ள முதற்கட்ட ஆய்வின் வெற்றியைச் செய்தித்தாளில் படித்துவிட்டு அதே மருந்தைக் கேட்டு வரும் குடும்பங்களுக்கு, இந்த 8இலிருந்து 5க்கு வந்த கதையைப் பொறுமையாக எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை.

வட அமெரிக்க ஆய்வில் ஒரு நுட்பமான செய்தி புதைந்திருந்தது. பயன் பெற்ற ஐவருமே கல்லீரலுக்கு நோய் பரவாதவர்கள். கல்லீரலில் நோய் இருந்த 47 பேரில் ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. குடலிலிருந்து உணவுச் சத்தைச் சுமந்து செல்லும் இரத்தம் முதலில் சேரும் இடம் கல்லீரல் என்பதால், பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் அங்கேதான் முதலில் பரவுகிறது. நாள்தோறும் உணவோடு வரும் எண்ணற்ற அயற்பொருள்களைப் பொறுத்துக்கொண்டு போவதே கல்லீரலின் இயல்பு. அங்கே எதிர்ப்புப் படை எளிதில் கிளர்ந்தெழுவதில்லை. கல்லீரலில் கட்டி குடியேறியபின், அங்குள்ள மேக்ரோஃபேஜ்கள் உடல் முழுவதிலிருந்தும் டி செல்களை ஈர்த்து அழித்துவிடுகின்றன என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் எலிகளிடம் செய்த சோதனைகளைக் கொண்டு விளக்கினர். ஆகவே, குளிர்ந்த வகையிலும் கல்லீரல் தப்பியவர்கள் ஒரு தனிப் பிரிவாகக் கருதப்பட்டு, அவர்களை மையமாகக் கொண்டு இன்று பல கூட்டு மருந்துகள் சோதிக்கப்படுகின்றன.

பெரிய ஆய்வுகளின் கணக்கு எளியது. லென்வாட்டினிபுடன் பெம்புரோலிசுமாபைச் சேர்த்து 480 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் ஆயுட்கால நடுமதிப்பு 9.3 மாதங்களிலிருந்து 9.8 மாதங்களாக மட்டுமே உயர்ந்தது. அது புள்ளியியல் கணக்கில் வெற்றியாகக் கொள்ளப்படவில்லை. இத்தாலியில் நடந்த அடெசோட்ரைப் ஆய்வில், மூன்று கீமோ மருந்துகளோடும் பெவாசிசுமாபோடும் அடெசோலிசுமாபைத் தொடக்கத்திலேயே இணைத்தபோது, நோய் வளராத காலம் 11.5 மாதங்களிலிருந்து 13.1 மாதங்களாக நீண்டது. 2025 அக்டோபரில் பெர்லினில் நடந்த ஐரோப்பியப் புற்றுநோய் மாநாட்டில், சான்சலின்டினிப் என்ற புதிய மாத்திரையையும் அடெசோலிசுமாபையும் சேர்த்து 901 பேரிடம் செய்த சோதனையில் ஆயுள் 9.4 மாதங்களிலிருந்து 10.9 மாதங்களாக நீண்டது என்று அறிவிக்கப்பட்டது. குளிர்ந்த கட்டிகளுக்கு எதிராக நோயெதிர்ப்பு மருந்து சேர்ந்த ஒரு கூட்டு பெரிய ஆய்வில் ஆயுளை நீட்டியது என்ற அளவில் இது முக்கியமானது. ஆனால் ஒன்றரை மாத நீட்டிப்புக்காக ஒரு குடும்பம் தன் வாழ்வாதாரத்தை விற்க வேண்டுமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே நேர்மையான விடை. இத்தகைய மருந்துகள் நோயாளிக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆய்வுத் திட்டங்களில் சேர வாய்ப்பிருந்தால் அது வேறு செய்தி.

பக்கவிளைவுகளைப் பற்றி இவ்வட்டாரத்தில் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீமோவின் விளைவுகளான முடி உதிர்தலும் வாந்தியும் யாவரும் அறிந்தவை. நோயெதிர்ப்பு மருந்தின் விளைவுகள் வேறு வகையின: பிரேக் விடுபட்ட டி செல்கள் குடலைத் தாக்கினால் கடும் வயிற்றுப்போக்கும், நுரையீரலைத் தாக்கினால் மூச்சுத்திணறலும், தைராய்டு சுரப்பியைத் தாக்கினால் தீராத சோர்வும், கல்லீரலைத் தாக்கினால் மஞ்சள் காமாலையும், அரிதாகக் கணையத்தைத் தாக்கினால் திடீர் நீரிழிவும் உண்டாகும். மருந்து ஏற்றி வாரங்கள், சில வேளை மாதங்கள் கழித்தும் இவை தலைகாட்டக்கூடும். வேலூரிலோ சென்னையிலோ கோவையிலோ மருந்து ஏற்றிக்கொண்டு எடப்பாடிக்கோ இராசிபுரத்துக்கோ திரும்பிய ஒருவருக்கு ஒரு நள்ளிரவில் வயிற்றுப்போக்கு தொடங்கினால், உணவு ஒவ்வாமை என்று கருதிப் பக்கத்து மருத்துவர் ஆண்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. ஸ்டீராய்டு மருந்தை உரிய நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலான விளைவுகள் அடங்கிவிடும். தாமதித்தால் குடல் துளைபடவும் உயிர் போகவும் நேரும். எனவே இம்மருந்து பெறுவோர், தாம் நோயெதிர்ப்புச் சிகிச்சையில் இருப்பதைத் தெரிவிக்கும் அட்டை ஒன்றை எப்போதும் சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ வைத்திருக்க வேண்டும். காசநோய் பரவலாக உள்ள நாட்டில், உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோய் இம்மருந்துகளால் விழித்தெழுந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. தீராத இருமலும் மாலைக் காய்ச்சலும் வந்தால் அதையும் சோதிக்க வேண்டும்.

விலை பற்றிய கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தியாவில் இச்சிகிச்சையைப் பற்றிப் பேச முடியாது. அசல் நிறுவனங்களின் மருந்தாயின் முழுச் சிகிச்சைக்கான செலவு பல லட்சங்களைத் தொடுகிறது; தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையான பாதுகாப்பைத் தருவது என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால் இடைவெளி விளங்கும். மத்திய அரசு 2023இல் பெம்புரோலிசுமாபுக்கும் 2024இல் டர்வாலுமாப் என்ற மற்றொரு நோயெதிர்ப்பு மருந்துக்கும் சுங்க வரியை நீக்கியது. நிவோலுமாபின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மே மாதம் வரையே. உள்நாட்டு நிறுவனங்கள் ஒத்த மருந்தைத் தயாரிக்கும்போது விலை கணிசமாக இறங்கும்.

இவற்றைவிட ஆழமான வழியை மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை காட்டியது. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு, மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் ஆகிய மூன்று மாத்திரைகளைச் சிறு அளவில் தொடர்ந்து கொடுக்கும் மலிவான சிகிச்சையோடு, நிவோலுமாபை மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், அதாவது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, சேர்த்து விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் ஆகியோர் அடங்கிய குழு 151 நோயாளிகளிடம் சோதித்தது. ஓராண்டு உயிருடன் இருந்தோர் விகிதம் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தது. இது வாய், தொண்டைப் புற்றுநோய்க்கான சான்று. பெருங்குடலுக்கு இதை அப்படியே பொருத்திக்கொள்ள இயலாது. எனினும், கூட்டு மருந்து என்றால் விலையுயர்ந்த இரண்டைச் சேர்ப்பதுதான் என்ற எண்ணத்தை உடைத்து, ஏழை நாட்டின் கேள்வியை ஏழை நாடே கேட்டு விடை காணலாம் என்பதை நிறுவிய ஆய்வு என்ற வகையில் இதன் மதிப்பு பெரிது. திருத்தக் குறைபாடுடைய பெருங்குடல் புற்றுநோயிலும் எவ்வளவு குறைந்த அளவு போதும் என்ற கேள்வியை இந்திய மருத்துவமனைகள் முறையான ஆய்வாக எடுத்துச் செய்வது அவசியம்.

திருத்தக் குறைபாடு கண்டறியப்படுவது நோயாளி ஒருவரோடு முடிந்துவிடும் செய்தியன்று. இக்குறைபாடு சிலருக்கு வயது முதிர்ந்தபின் கட்டியில் மட்டும் தோன்றுவது. வேறு சிலருக்கோ பெற்றோரிடமிருந்து பிறப்பிலேயே வருவது. பின்னதை லிஞ்ச் நோய்க்குறி என்பர். அது உள்ளவரின் பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் அதே மரபணு மாற்றம் இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. குடற்புற்றுநோயோடு கருப்பைப் புற்றுநோயும் அக்குடும்பங்களில் இள வயதிலேயே வரக்கூடும். அத்தகையோர் 20 முதல் 25 வயதுக்குள் குடல் அகநோக்கிப் பரிசோதனையைத் தொடங்கி, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொண்டால் கட்டி புற்றாக மாறுமுன்பே அகற்றிவிடலாம். சொந்தத்திலேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றம் ஒரு குழந்தைக்கு வந்து சேர நேர்ந்தால், சிறு வயதிலேயே மூளையிலும் இரத்தத்திலும் குடலிலும் புற்றுநோய் தோன்றும் அரிய, கொடிய நிலை உண்டாகிறது. அப்பச்சிக்கும் மாமனுக்கும் குடல் நோயால் மரணம் நேர்ந்த குடும்பத்தில் திருமணப் பேச்சு எழும்போது இச்செய்தியை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது நலம்.

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கான பொதுப்பணி, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிறுவனத்திலிருந்து வேரூன்றியது. அதை டாக்டர் வி. சாந்தா 2021இல் மறையும்வரை கட்டிக்காத்தார். இன்று சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல்லில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்று ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை கூறியது. அருகிலுள்ள ஈரோடு உட்பட நான்கு மாவட்டங்களில் 2023இல் தமிழக அரசு தொடங்கிய வீடு தேடி அழைக்கும் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றை மட்டுமே நோக்கியது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனை அதில் சேர்க்கப்படும் நாள் விரைவில் வர வேண்டும்.

இவ்வளவு நீண்ட ஆய்வு வரலாற்றின் பயன் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது ஒரு சிறு பொருளைப் பொறுத்திருக்கிறது. பயாப்ஸியின்போதோ அறுவையின்போதோ எடுக்கப்பட்ட சதைத் துண்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, பிளாக் என்ற பெயரில் நோய்க்குறியியல் பிரிவில் பாதுகாக்கப்படுகிறது. அந்த மெழுகுக் கட்டியிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, நான்கு திருத்தப் புரதங்களும் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்ப்பதே எம்எம்ஆர் பரிசோதனை. அதற்காகும் செலவு நோயெதிர்ப்பு மருந்து ஒருமுறை ஏற்றுவதற்கான செலவில் மிகச் சிறு பகுதியே. உள்ளூரில் அவ்வசதி இல்லாவிடினும், மருத்துவமனையில் எழுதிக் கொடுத்துப் பிளாக்கைப் பெற்று வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்; நோயாளி பயணப்பட வேண்டியதில்லை. முற்றிய பெருங்குடல் புற்றுநோய் என்று அறிக்கை வந்த குடும்பத்தினர், முதல் டிரிப் ஏறுவதற்கு முன், எம்எம்ஆர் பரிசோதனை செய்யப்பட்டதா, முடிவு என்ன என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும். காட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு எங்கும் புறப்படுவதற்கு முன் அந்த விடை எழுத்தில் கையில் இருக்க வேண்டும்.